ஸ்கூட்

சீட்டாடுகிறவனுக்கு நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. அந்தப் பெயரைத் தருமபுத்திரர் நிரந்தரமாகக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார். வள்ளுவரும் தம் பங்குக்குச் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதில் கிடைக்கும் வெற்றியைக்கூட மீன் விழுங்கிய தூண்டில் முள்ளாகத்தான் பார்க்கிறார். இத்தனை பெரியவர்கள் சொன்ன பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ரம்மி ஆடுகிறேன்.

எங்கள் ஜமாவில் ஐந்து பேர். பத்துப் பாயிண்டுக்கு ஒரு ரூபாய். ஆளுக்கு 100 ரூபாய். அது தீர்ந்தால் எழுந்து காப்பி போடப் போக வேண்டும். கடன் கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. எட்டு மணி அடித்தால், கையில் மூன்று ஜோக்கர் இருந்தாலும் கலைத்துவிட வேண்டியதுதான்.

இந்தச் சட்டங்களை இயற்றியவர், ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோருக்கும் அவர் மாமா. ரம்மியிலேயே அவருக்குப் பிடித்த அம்சம் ஜெயிப்பது அல்ல, ஸ்கூட். வந்த பதின்மூன்று சீட்டும் உதவாக்கரை என்று தெரிந்தால், முதல் சீட்டை எடுக்குமுன் கவிழ்த்துவிடலாம். நஷ்டம் 20 பாயிண்டு. கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தால் 40. கடைசிவரை பிடிவாதம் பிடித்தால் 80 வரை போகும். தோல்விக்கு இவ்வளவு நியாயமாக விலை போட்ட ஆட்டம் வேறு உண்டா என்பார் மாமா. நாங்கள் அவரைக் கோழை என்று கேலி செய்வோம். ஆனால் மாதக் கணக்கைப் பார்த்தால் அவர் ஒருவர்தான் கையைக் கடிக்காமல் இருப்பார்.

எங்கள் தெருவில் ஒரு பையன். கைப்பேசியில் ரம்மி ஆடி, ஒரே இரவில் மாதச் சம்பளத்தை விட்டான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுநாள் தாயாரின் வளையல் போயிற்று. ரம்மி பெரும்பாலும் திறமை சேர்ந்த ஆட்டம்தான் என்று 1967-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது, வாஸ்தவம். ஆனால் நீதிபதிகள் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கமில்லாமல் ஆடுகிறவனைப் பற்றி அல்ல. பணம் வைத்து ஆடும் அத்தகைய ஆட்டங்களைத் தடுக்கப் பார்லிமெண்டு 2025-இல் சட்டம் நிறைவேற்றியபோது, அந்த வீட்டில் வளையல் போய் வெகு நாளாகியிருந்தது.

அந்தப் பையன் ஒரு ஞாயிறு எங்கள் திண்ணைக்கு வந்து, "மாமா, நானும் ஒரு கை உட்காரட்டுமா? 100 ரூபாய்தானே?" என்றான்.

"தம்பி, நீ காப்பிக்கு வா. சீட்டுக்கு வராதே" என்றார் மாமா.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு கேட்டேன். "நமக்கு 100 ரூபாய் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அவனுக்கு அங்கேதான் ஆரம்பம்" என்றார். யோசித்துப் பார்த்தேன், மறுக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் சீட்டைக் கட்டித் தகர டப்பாவில் போட்ட பிறகு, எட்டேகாலுக்கு அவன் வருகிறான். மாமா சதுரங்கப் பலகையை விரிக்கிறார். பந்தயம் கிடையாது. பெரும்பாலும் பையன்தான் ஜெயிக்கிறான். ஸ்கூட் இல்லாத ஆட்டம் என்று மாமா முணுமுணுக்கிறார்.