பத்தியபுரி

ஊருக்கு நடுவே ஓர் உயரமான புகைபோக்கி. அதன்மேல் பெரிய எழுத்தில் 'லக்கி ஸ்டிரைக்' என்று சிகரெட்டின் பெயர். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். இந்த ஊருக்குத்தான் 'பத்திய உணவின் தலைநகரம்' என்ற பட்டம் கிடைத்தது என்றால் நம்புவீர்களா, நேயர்களே?

சிகரெட்டுத் தொழிற்சாலை போய்விட்டது. அந்தக் கட்டிடங்களில் இன்று அலுவலகங்களும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. புகையிலைப் பணத்தில் 1924-ல் உருவான டியூக் பல்கலைக் கழகம் மட்டும் ஓங்கி நிற்கிறது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்த வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர் இங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார். கடுமையான ரத்தக் கொதிப்புக்குச் சரியான மருந்து இல்லாத காலம் அது. சிறுநீரகத்தின் சுமையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். 1939-ல் அவர் வகுத்த பத்தியம் என்ன தெரியுமா? சோறு!

ஆமாம், நாம் சாப்பிடும் அதே அரிசிச் சோறுதான். ஆனால் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். நாள் முழுவதற்கும் சுமார் 300 கிராம் அரிசி, பழம், பழரசம், சர்க்கரை, அவ்வளவே. கொழுப்பு 5 கிராமுக்கு உள்ளே. உப்போ கிட்டத்தட்ட இல்லை.

1942-ல் முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ரத்த அழுத்தம் 190/120. கண்ணுக்குள் ரத்தக் கசிவு. "இரண்டு வாரம் இதைச் சாப்பிட்டு விட்டு வா" என்றார் டாக்டர். அவருடைய ஜெர்மன் உச்சரிப்பு அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்து நின்றாள்! டாக்டர் பதறியிருப்பார். சோதித்துப் பார்த்தால், அழுத்தம் 124/84. கண்ணின் கசிவு மறைந்திருந்தது. வீங்கியிருந்த இதயமும் சுருங்கியிருந்தது.

பிறகு பருமனானவர்களும் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சோற்றின் அளவையும் குறைத்தார். 106 பேர் சராசரி 64 கிலோ இளைத்ததாக 1975-ல் வெளியிட்டார். 45 கிலோவாவது குறைந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தியத்தில் நிறுத்திவைக்க நோயாளிகள் சிலரைச் சாட்டையால் அடித்ததுண்டு என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். சிகிச்சை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொழுப்பைக் குறைக்கும் பத்தியங்கள் பிறகு பல கிளம்பின. கலிபோர்னியாவில் பிரிட்டிகின் தானியமும் காய்கறியும் கொடுத்தார். டாக்டர் ஆர்னிஷ் சைவ உணவோடு நடையும் தியானமும் சேர்த்தார். இருவரும் கொழுப்புக்கு விட்ட இடம் பத்தில் ஒரு பங்குக் கலோரிதான். இதே டியூக்கும் பங்கேற்று 1997-ல் வெளிவந்த 'டாஷ்' ஆராய்ச்சி இவ்வளவு கெடுபிடி செய்யவில்லை. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றாலேயே ரத்த அழுத்தம் இறங்கியது. 2018-ல் ஸ்டான்போர்டில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ இளைத்தார்கள்; மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. இதில் எது வென்றது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

நான் தங்கிய வீட்டில் நண்பரின் தாயாரிடம் கெம்ப்னர் சாப்பாடு ஒரு வேளைக்குக் கேட்டேன். (ஒரு வேளைதான். அவர் நோயாளிகளை ரத்தமும் சிறுநீரும் சோதித்துச் சோதித்தே வைத்திருந்தார். யாரும் வீட்டில் ஆரம்பித்துவிட வேண்டாம்.) வெறும் சோறும் பேரிக்காய்த் துண்டுகளும் வந்தன. முதல் கவளம் இனித்தது. நாலாவது கவளம் தொண்டையைத் தாண்டவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்?

"அந்தப் பொண்ணு இதை எத்தனை நாள் சாப்பிட்டாளாம், தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இரண்டு மாதம், அம்மா."

அம்மாள் என் தட்டையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டு வந்து, என்னைக் கேட்காமலே திறந்தார்.