மழையோடு மழையாகப் புதுச்சேரிக்கு

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது, என் பெண் மூன்று மாதக் குழந்தையோடு குன்றத்தூரில் என்னிடம்தான் இருந்தாள். மாப்பிள்ளை அங்கே புதிதாகப் பார்த்திருந்த வாடகை வீட்டில் முழங்கால் தண்ணீர். "வடிஞ்சாச்சு அத்தை, கழுவியும் விட்டாச்சு" என்று அவர் சொன்ன பிறகும், ஏதேதோ சாக்குச் சொல்லி இரண்டு வாரம் நிறுத்தி வைத்தேன்.

கிளம்பிய அன்றும் மழைதான். மகாபலிபுரம் தாண்டியதும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். மரக்காணத்தில் உப்பளப் பாத்திகளெல்லாம் குளமாகக் கிடந்தன. தை பிறந்து வெயில் ஏறினால்தான் அங்கே உப்பு வேலை. நல்ல வேளை, பிளாஸ்கில் வெந்நீரும் பத்துப் பழந்துணியும் எடுத்திருந்தேன். போய்ச் சேருவதற்குள் எட்டு தீர்ந்தது! பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வரும்வரை வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். டிரைவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டுமே!

வீட்டில் நுழைந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இடுப்பளவுக்கு ஈரம். சாம்பிராணி போடணும்னு கை பரபரத்தது. பச்சைக் குழந்தைக்குப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வர, விட்டுவிட்டேன். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓடவிட்டோம்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேம்மா" என்றாள்.

எட்டு நாள் இருந்தேன்.