தண்டச்சீட்டு

செவ்வாய்

ஏ9 வீதியில் நெல் ஏற்றிய லொறியொன்றை முந்தப் போய் வெள்ளைக்கோட்டை வெட்டிவிட்டேன். வளைவில் பொலிஸ் நின்றது. வாய்காட்ட இடமில்லை, பிழை என்னுடையது. லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டச்சீட்டை எழுதித் தந்தார். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்ட வேண்டும், தவறினால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் வழக்கு. அந்த 14 நாளும் அந்தத் தாள்தான் லைசன்ஸ். நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வியர்வையில் மை ஊறிவிடும் என்று மகள் ஷொப்பிங் பையில் சுற்றித் தந்தாள்.

புதன், இரவு

நியூ ஜேர்சியிலிருந்து தம்பி எடுத்தான். என் கதையைச் சொன்னால் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவனுக்குப் பிரஜாவுரிமை நேர்முகம். நாலு வருசத்துக்கு முன் வேகமாய் ஓடித் தண்டம் கட்டியிருக்கிறான்.

"எப்போதாவது பொலிஸ் சீட்டு எழுதினதா என்று கேட்பாங்க அண்ணே. சின்ன விசயந்தானே, இல்லையென்று சொல்லிடவா?"

"சத்தியம் பண்ணிப்போட்டு இல்லையென்பியா? விண்ணப்பக் குறிப்பை முதல்ல வாசி" என்றேன்.

வெள்ளி

வாசித்திருக்கிறான். மதுவோ போதையோ சம்பந்தப்படாமல், கைதும் இல்லாமல், 500 டொலருக்குக் குறைந்த தண்டமென்றால் தனியாய்ப் பத்திரம் இணைக்கத் தேவையில்லையாம். ஆனால் கேள்விக்கு 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். வேகமாய் ஓடினது ஆளைக் கவிழ்க்காது. சத்தியம் செய்தபின் சொல்லும் பொய் கவிழ்த்துவிடும்.

தபாற்கந்தோர் வரிசையில் நிற்கும்போது தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவர். ஒருவரிடமும் ஒரு சதம் தண்டம் கட்டாத மனிசன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடில்லாதவராக்கியது. இந்திய வம்சாவளியினருக்கான 1949இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். கலியாணம் முடித்தவரென்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருசம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் தொடர்ச்சி அறுந்தது. அவரோ 1940இல் தாயின் சாவுக்குத் தமிழ்நாடு போனவர். தொழிலாளர் இலங்கைக்கு வர இந்திய அரசு 1939இலேயே தடை போட்டிருந்தது. திரும்பிவர அனுமதிக்கு அலைந்ததில் பதினாலு மாதம் போயிற்று. நிராகரித்துவிட்டார்கள்.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் தாத்தாவைப்போல நாடில்லாத 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. தாத்தா எந்தப் பங்கென்று அவருக்கே தெரியாது. 1977 கலவரத்தோடு அப்பா எங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டிவந்தார். தாத்தா இங்கேதான், நாடில்லாமலே, கண்ணை மூடினார். அப்பாவுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்தது. 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது சட்டிபானையை வழியில் விட்டார், அந்தப் பத்திரம் வைத்த தகரப்பெட்டியை விடவில்லை.

சனி

பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை மீட்டேன். தம்பி 'ஆம்' என்றே சொல்லப் போகிறானாம். ஆனால் அன்று கட்டின ரசீதைக் காணவில்லையென்று வீடெல்லாம் கிளறுகிறான். கேட்க மாட்டார்கள் என்றாலும் மனது கேட்கவில்லையாம்.

வெளியிலிருக்கும் பிள்ளைகளே, கட்டின ரசீதை எறியாதீர்கள்.