இறாலும் வெல்லப்பாகும்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. ஆயினும் பனிக்கட்டியில் பொதிந்த இறால் இன்று நம் மீன்கடைகளுக்குத் தவறாது வருகிறது. 2009ஆம் ஆண்டில் வன்னாமெய் இறால் வளர்ப்புக்கு அரசு இசைவளித்த பின்னர் வரத்து பெருகிற்று. அதனோடு பழைய வினாவொன்றும் நம் அடுக்களைக்குள் வந்து சேர்ந்தது: இறால் மீன்தானா?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையூர்களின் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இவ்வினா எழுவதேயில்லை. நம் பகுதியிலோ ஹனஃபிகளே மிகுதி. நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே ஆகும் என்பது ஹனஃபிச் சட்டம். ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி அவர்கள் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் இறாலை மிகச் சிறிய மீன் என்றே குறிக்கிறார்கள். அதனைச் சான்றாகக் கொண்டு மௌலானா அஷ்ரஃப் அலி தானவீ (1863–1943) அவர்கள் அது ஆகும் என்றார்கள். மறுப்போர், அதற்கு முதுகெலும்பில்லை, விலங்கியலார் அதனை நண்டின் இனத்திலன்றோ சேர்க்கின்றனர் என்பர். மொழி வழக்கா, விலங்கியலா, எது அளவுகோல்? நம் உள்ளம் வழக்கின் பக்கமே சாய்கிறது. சட்டம் மக்கள் பேசும் சொல்லைக் கொண்டே பேசிற்று. மலையாளிகள் இறாலைச் ‘செம்மீன்’ என்றே அழைப்பதையும் காண்க. எனினும், ஐயத்தால் விலகி நிற்போரை எள்ளுதல் தகாது.

நம் இல்லத்து மருமகள் காயல்பட்டினத்துப் பெண். நம் மூத்த தமக்கையாரோ இறால் வெந்த சட்டியில் வேறெதுவும் சமைத்தாலும் உண்ணாதவர். மணமான புதிதில் இறால் வாங்கிய நாள்களில் அவர் பசியில்லை என்று கூறித் தம் அறைக்குள் சென்றுவிடுவார். ஓரிலையில் உண்ணவேண்டிய குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. இதற்கு வழிகண்டது மருமகளின் பாகுதான்.

மக்ரிபு தொழுகைக்குப் பின் தொடங்கினால் இஷாவுக்கு முன் உணவு முடிந்துவிடும். சோறு வேகும் வேளையில் பாகு ஆயத்தமாகும். தட்டிய பூண்டு எட்டுப் பல், கிள்ளிய வற்றல் மிளகாய் நான்கு, இரண்டையும் எண்ணெயில் சிவக்க வதக்கி, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலையும் இரண்டு மேசைக்கரண்டி வெல்லத்தூளையும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். பிலிக்கல்பாளையத்து வெல்லமாயின் நிறம் அழகாக ஏறும்; மண் இருக்கக்கூடுமாதலின் கரைத்து வடிகட்டுவது நன்று. கரண்டியின் முதுகில் பாகு ஒட்டி நின்றால் பதம். அதிற் பாதியை எடுத்து, அவித்த நாமக்கல் முட்டைகளை அதில் புரட்டித் தமக்கையாருக்கென மூடி வைப்பாள்.

பிறகே இறால். தோலுரித்துக் குடலை நீக்கிய அரைக்கிலோ இறாலை உப்பும் மஞ்சளும் தடவுமுன் துணியால் ஈரம்போக ஒற்ற வேண்டும். ஈரமிருந்தால் வறுபடாது அவிந்துபோகும். நன்கு காய்ந்த வேறோர் இருப்புச் சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். நெய்தற் புலவர்கள் கண்டு பாடிய அந்த வளைவே பக்குவத்துக்கும் அடையாளம்: பிறைபோல் வளைந்தால் வெந்தது, வளையமாகச் சுருண்டால் மிகுந்து வெந்து இரப்பராகிவிட்டது. வெப்பம் பட்டதும் நிறம் சிவப்பது, புரதத்தோடு பிணைந்திருந்த செந்நிறப் பொருள் விடுபடுவதால். எஞ்சிய பாகை ஊற்றி அரை நிமிடம் புரட்டி இறக்கவேண்டியதுதான்.

சஹனில் சோற்றின்மேல் இறாலைப் பரப்புவதில்லை, தனிக்கோப்பையில் வைக்கிறோம். முட்டைக்கு ஒரு கரண்டி, இறாலுக்கு வேறு கரண்டி. தமக்கையார் இப்போது அறைக்குள் செல்வதில்லை. பாகில் புளி சற்றுக் கூடியிருந்தால் மருமகளிடம் அதனைச் சொல்லவும் தவறுவதில்லை.