தெருமுனைப் பள்ளி

பெங்களூரின் புறநகர்கள் வளர்ந்த கதையைச் சொல்வோர் ஆலைகளையும் சாலைகளையும் எண்ணிக் காட்டுவர். பள்ளிகளை எண்ணிக் காட்டுவோர் மிகச் சிலரே. ஆயினும், பிழைப்பைத் தேடி இங்கு வந்த நம்மவர், வந்த இடத்தில் நிலைத்துவிடுவதா, சொந்த ஊருக்கே திரும்பிவிடுவதா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்தது பிள்ளைகளின் படிப்பே ஆகும்.

1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இங்கே தோன்றின. நகருக்கு வெளியே எழுந்த இவற்றின் குடியிருப்புகளை ஒட்டிப் பள்ளிகளும் எழுந்தன. தந்தைக்கு ஆலையில் வேலை, பிள்ளைக்கு ஆலைப் பள்ளியில் இடம் என்பது அக்காலத்து ஏற்பாடு. நடுவண் அரசு ஊழியரான என் போன்றோருக்கு வாய்த்தவை கேந்திரிய வித்யாலயங்கள். ஊர்விட்டு ஊர் மாற்றப்படும் ஊழியரின் பிள்ளைகள் படிப்பை இழந்துவிடக் கூடாது என்று இரண்டாம் ஊதியக் குழு பரிந்துரைக்க, 1962இல் அத்திட்டத்தை அரசு ஏற்றது. முதலில் 20 படைப்பிரிவுப் பள்ளிகளைக் கொண்டு தொடங்கிய திட்டம் இன்று நாடெங்கும் விரிந்துள்ளது. என் மூத்த மகளும் அத்தகைய பள்ளி ஒன்றில்தான் பயில்கிறாள். அதன் பயனை நான் மறுப்பதற்கில்லை.

ஆனால் புறநகர் வளர்ந்த வேகம் வேறு. பெங்களூர் நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 65 இலட்சம். 2011இல் 96 இலட்சம். 2007இல் ஏழு நகராட்சிகளும், ஒரு பேரூராட்சியும், 110 சிற்றூர்களும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அச்சிற்றூர்களின் ஏரிக்கரையிலும் கோயில் முகப்பிலும் இருந்த அரசுப் பள்ளிகள் ஒரே நாளில் மாநகரத்துப் பள்ளிகளாயின. அவற்றைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்தன. தனியார் பள்ளிகளின் மஞ்சள் வண்டிகள் தெருவை நிறைத்தன. அரசுப் பள்ளியிலோ கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளே மிகுதியாக எஞ்சினர். திருவண்ணாமலையிலிருந்து வந்த சிறுவனும் ராய்ச்சூரிலிருந்து வந்த சிறுமியும் அங்கே ஒரே பலகையில் அமர்ந்து கன்னடம் கற்கின்றனர்.

ஆகவே, ஒரே தெருவில் வாழும் பிள்ளைகளை நாம் மூன்றாகப் பிரித்துவிட்டோம். தந்தையின் பணி ஆணை ஒரு பள்ளிக்கு வழிகாட்டுகிறது. தந்தையின் பணப்பை மற்றொன்றுக்கு வழிகாட்டுகிறது. இரண்டும் இல்லாதவனுக்குத் தெருமுனைப் பள்ளி. அமெரிக்க நாட்டுப் புறநகர்களில் வீட்டு முகவரியே பிள்ளையின் பொதுப்பள்ளியைத் தீர்மானிக்கிறது. அவ்வட்டாரத்துச் சொத்துவரி அப்பள்ளியைத் தாங்குகிறது. செல்வர் வாழும் வட்டாரத்துக்கு நல்ல பள்ளி, வறியவர் வட்டாரத்துக்கு நலிந்த பள்ளி என்னும் குறை அங்கும் உண்டு. எனினும், அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் வாய்ப்பு அங்கே உண்டு. நம் நாட்டிலும் கோத்தாரி கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையில் அண்மைப் பள்ளி என்னும் கருத்தை வலியுறுத்தியது. அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

இளைய மகனுக்கு ஆறு வயது நிரம்பியபொழுது இக்கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. தெருமுனை அரசுப் பள்ளியில் அவனைச் சேர்க்கலாம் என்றேன். என் மனைவி உடனே இசையவில்லை. “நாளைக்கே உங்களுக்கு மாற்றல் வந்தால், கன்னடத்தில் படித்த பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அலுவலக நண்பர்களும், கிடைக்கும் இடத்தை விடுவானேன் என்றனர். பல நாள் பேசினோம். 2019 முதல் கர்நாடக அரசு தன் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவுகளையும் தொடங்கியிருந்தது. எங்கள் தெருப் பள்ளியிலும் அப்பிரிவு இருந்தது. அது மனைவியின் அச்சத்தை ஓரளவு தணித்தது. மகனைச் சேர்த்தோம்.

அதன் பிறகு நான் கண்ட மாற்றம் பிள்ளையிடத்து மட்டுமன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். அப்பெற்றோர் கூட்டங்களில் கொத்தனாரும், பூ விற்கும் அம்மாளும், நானும் அருகருகே அமர்கிறோம். கழிவறைக்குத் தண்ணீர், விழும் நிலையிலுள்ள சுற்றுச்சுவர், வராத ஆசிரியர் பணியிடம் ஆகியவையே எங்கள் பேச்சு. மனு எழுதுவது என் தொழில். அதைக் கன்னடத்தில் திருத்தித் தருவது பூ விற்கும் அம்மாளின் மகள். இத்தனை ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் அண்டை வீட்டாரோடு எனக்கு ஏற்படாத உறவு இங்கே ஏற்பட்டது.

தமிழ் என்னவாகும் என்று அன்பர்கள் கேட்கலாம். மூத்தவளின் பள்ளியும் தமிழைக் கற்பிக்கவில்லை. இளையவன் பள்ளியும் கற்பிக்கவில்லை. அப்பொறுப்பு இரவு உணவுக்குப் பின் எங்கள் வீட்டுக்கும், விடுமுறை நாளில் நம் சங்கத்துக்கும் உரியது. அதனைப் பள்ளியின்மீது சுமத்திவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் ஆகாது.

மாற்றல் ஆணை என்றேனும் வரக்கூடும். மனைவியின் கேள்விக்கு முழுமையான விடை என்னிடம் இன்றும் இல்லை. ஆயினும், புறநகரில் மனை வாங்கி வீடு கட்டும் நம் குடும்பங்கள் குடிநீரும் பேருந்தும் உண்டா என்று விசாரிப்பதோடு நில்லாமல், தெருமுனை அரசுப் பள்ளியின் வாயிலையும் ஒருமுறை மிதித்துப் பார்த்தல் வேண்டும். நம் பிள்ளையைச் சேர்ப்பதும் சேர்க்காததும் பின்னர் முடிவு செய்யலாம். அண்டை வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதையேனும் நாம் அறிந்துகொள்வோம்.