மலைவலம்: ஊவாத் தோட்டப் பாதைகள் பற்றிய சில சிந்தனைகள்

மலையொன்றை மனிதன் அணுகுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஏறுதல், மற்றொன்று சுற்றிவருதல். ஏறுபவனின் நோக்கம் உச்சி. அங்குச் சென்றடைவோர் சிலர். இடைவழியில் மூச்சிரைக்க அமர்ந்துவிடுவோர் பலர். சுற்றிவருவோனுக்கு உச்சி தேவையில்லை. புறப்பட்ட இடமே அவன் சேரும் இடம். ஏறுதல் வலியோரைத் தெரிந்தெடுக்கிறது. சுற்றுதல் எல்லோரையும் ஏற்றுக்கொள்கிறது.

இந்த உண்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளும் கிரிவலப் பாதை இதற்குத் தக்க சான்றாகும். பௌர்ணமி இரவுகளில் அங்கு முதியோரும் சிறுவரும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயரும், கோலூன்றி நடப்போரும் ஒரே பாதையில் செல்கின்றனர். எட்டுத் திசைகளிலும் அமைந்த இலிங்கங்கள் வழிபாட்டுக்கு உரியனவாய் இருப்பதோடு, நடப்போர் நின்று இளைப்பாறும் இடங்களாகவும் பயன்படுகின்றன. யார் முதலில் வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. சமயத்தின் பெயரால் நிகழ்வதாயினும், எல்லா வலுவினரும் நடக்கக்கூடிய வட்டப்பாதை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேண்டியதில்லை.

இந்த இலக்கணத்தை ஊவாவின் மலைகளோடு பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. 1886 ஆம் ஆண்டு தனி மாகாணமாக வகுக்கப்பட்ட ஊவாவின் தலைநகர் பதுளை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரைப் பதுளு ஓயா ஏறக்குறைய முழுவதுமாகவே வளைத்துச் செல்கிறது. தென்கிழக்கே நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தென்மேற்கே அப்புத்தளையின் விளிம்பில் நிலம் திடீரெனத் தெற்குச் சமவெளியை நோக்கிச் சரிகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தை அளிப்பது. நடைக்கு உகந்த பருவமும் அதுவே.

தோட்டப் பாதைகளின் தோற்றத்தை ஆராய்வோர் ஒரு முரண்பாட்டைக் காண்பர். கோப்பிக் காலத்தில் தொடங்கித் தேயிலைக் காலத்தில் விரிவடைந்த தோட்ட வீதிகள், ஸ்டோரிலிருந்து புறப்பட்டு மலையின் இடுப்பைச் சுற்றி மெல்ல மெல்ல ஏறிச் செல்வன. அவை அவ்வாறு வளைந்தமைக்குக் காரணம், பாரம் இழுக்கும் மாட்டுவண்டி செங்குத்தாக ஏறமாட்டாது என்பதே. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அந்த இதமான வழி வாய்க்கவில்லை. விடியற் பிரட்டுக்குக் குறித்த நேரத்தில் வந்து நிற்கவும், மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்குக்கு விரையவும், பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓடவும் அவள் குறுக்குப்பாதையையே நாடினாள். தேயிலைச் செடிகளுக்கிடையே படிபடியாய்ச் செங்குத்தாக இறங்கும் அக்குறுக்குகளை எந்தப் பொறியியலாளரும் வரையவில்லை, கால்களே வரைந்தன. மாட்டுக்கும் தேயிலைப் பெட்டிக்கும் சாய்வான வட்டப்பாதை, மனிதருக்குச் செங்குத்தான குறுக்கு என்பதே தோட்டத்தின் நியதியாயிற்று. நேரம் அவளுடையதாக இருந்திருப்பின் அவளும் சுற்றியே நடந்திருப்பாள்.

சுற்றிவருதலின் நுட்பத்தைத் தொழிலாளியிடமிருந்தே பொறியியலாளர் கற்றுக்கொண்டதாக ஊவாவில் ஒரு கதை வழங்குகிறது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் புகையிரதப் பாதை அமைத்தபோது, தெமோதரையில் உயரத்தை இழக்கப் போதிய இடமில்லாது பொறியியலாளர் தவித்தாராம். அவ்வேளை கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். அதைக் கண்டதும் விடை பிறந்ததாம். கதை எவ்வாறாயினும், தெமோதரையில் பாதை அவ்விதமே அமைந்துள்ளது. எல்லப் பக்கமிருந்து வரும் புகையிரதம் நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே பதுளையை நோக்கிச் செல்கிறது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் நிறைவுற்றது. 1924 இல் பாதை பதுளையை அடைந்தது. பெயரில்லாத ஒரு கங்காணியின் தலைப்பாகையை மக்கள் இக்கதையில் ஏன் விடாது வைத்திருக்கின்றனர் என்பது சிந்தித்தற்குரியது. வரலாற்றுப் பதிவில் இடம்பெறாத உழைப்புக்குக் கதை தரும் கூலி அதுவெனலாம்.

இம்மக்களின் வரலாறே ஒரு நடையில் தொடங்கியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காடுகளினூடே நாட்கணக்கில் நடந்து மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் ஆயிரக்கணக்கினர். நடந்து வந்த மக்களுக்கு, வந்த பின்னர் நடக்கும் சுதந்திரம் இருக்கவில்லை. கடன் நிலையைக் குறிக்கும் 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்தில் வேலைக்குச் சேர இயலாத நிலை நிலவியது. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது.

துரைமாரின் தாயகத்திலும் நடக்கும் உரிமை இலகுவில் கிடைத்ததன்று. 1932 ஏப்ரல் 24 இல் மஞ்செஸ்டர் சார்ந்த ஆலைத் தொழிலாளரும் இளைஞரும் நிலப்பிரபுக்களின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌற் மேட்டுநிலத்தில் கூட்டமாக அத்துமீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். அக்கிளர்ச்சி தூண்டிய எண்ணவோட்டம் 1949 இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்குமான சட்டமாகக் கனிந்தது. இன்று இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வேலிப்படிகள் இல்லாத பாதைகள் பல வகுக்கப்பட்டு, 'எல்லோருக்கும்', 'பலருக்கும்', 'சிலருக்கும்' என மூவகையாகத் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. சக்கர நாற்காலியில் வருவோர் எந்தப் பாதையில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைப் புறப்படுமுன்னரே அறிந்துகொள்கின்றனர். நடப்பது உரிமை என்று ஏற்கப்பட்ட பின்னரே, அது எவரெவர்க்கு எட்டுகிறது என்ற வினா எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அண்மை ஆண்டுகளில் இலங்கை மலைநாட்டிலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்துப் 'பெக்கோ' நெடும்பாதை உருவாகியுள்ளது. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, எல்ல முதலிய ஊவாப் பகுதிகளைத் தொட்டு, நுவரெலியாப் புறத்தில் முடியும் இது 22 பிரிவுகளாய் 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. வெளிநாட்டார் பலர் இதனை நாடி வருகின்றனர். மாட்டுவண்டிக்கு வெட்டிய வீதி மனிதரின் நடைக்குத் திரும்பியமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நெடும்பாதை நெடும்பாதைதான். ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனையில் முடியும் நடைக்கு வலிமையும் பொழுதும் பணமும் வேண்டும். ஒரு காலைப்பொழுதில் சுற்றிவந்து, புறப்பட்ட தேநீர்க் கடையிலேயே அமரக்கூடிய குறுகிய வட்டப்பாதைகளே எல்லோருக்கும் உரியவை.

அவற்றுக்கான நிலம் ஊவாவில் இயல்பாகவே உண்டு. பதுளை நகரின் பெரும்பகுதி பள்ளத்தாக்கிலுள்ளது. முத்தியங்கன விகாரையை ஒட்டியும் ஆற்றோரமாகவும் செல்லும் சமதளப் பாதையொன்று 'எல்லோருக்கும்' என்ற தரத்தைப் பெறத்தக்கது. எல்ல, தெமோதரைப் பகுதியில் பலரும் தண்டவாளத்தின் மீதே நடக்கின்றனர். அதற்குப் பதிலாகத் தோட்ட வீதிகளை இணைத்துப் பாலத்தைக் கண்டு மீளும் சுற்றொன்று 'பலருக்கும்' ஏற்றதாகும். லிப்டன் 1890 இல் நிறுவிய தம்பேதன்ன ஸ்டோரிலிருந்து அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் உச்சி வரை ஏறத்தாழ 7 கிலோமீற்றர். வண்டிப் பாதையில் ஏறிக் குறுக்குகளில் இறங்குவோர்க்கு அது 'சிலருக்கான' வட்டம். ஆயினும் அவ்வீதியின் முதற்பகுதியை மட்டும் நடந்து திரும்புவோரும் தோட்ட வாழ்வைக் கண்ணாரக் காண்பர்.

'எல்லோருக்கும்' என்ற சொல் எளிதாகச் சொல்லக்கூடியது; செய்வது கடினம். சக்கர நாற்காலி இலகுவாகச் செல்ல, இருபது அடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் இருத்தல் ஆகாது. பன்னிரண்டுக்கு ஒன்று என்பது குறுகிய சாய்தளத்துக்கே பொருந்தும். மழைநீர் ஓட வெட்டிய கான்கள் பாதையைக் கடக்குமிடங்களில் பலகையோ கல்லோ வேண்டும். பனிமூட்டத்திலும் தெரியும் குறிகள் மும்மொழியிலும் வேண்டும். குளவிக் கூடுகள் உள்ள மரங்களை அறிந்து வழியை மாற்ற வேண்டும். கொழுந்து பறிப்போரை அடிக்கடி தாக்கும் குளவி நடப்போரையும் விட்டுவைப்பதில்லை. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் முன்னோர் வழிதோறும் நட்ட சுமைதாங்கிக் கற்களைப்போல, பாரம் இறக்கவும் அமரவும் இடங்கள் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் அடிப்படை வினா எழுகிறது. பாதையின் தரத்தை யாருடைய காலைக்கொண்டு அளப்பது? வருவோரின் காலை அளவாகக்கொண்டால், அழகிய காட்சி தெரியும் இடத்தில் மட்டும் கைப்பிடி அமையும். இருப்போரின் காலை அளவாகக்கொண்டால், லயத்திலிருந்து மருந்தகத்துக்குப் போகும் கர்ப்பிணிக்கும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும், முப்பது ஆண்டு கூடை சுமந்து முழங்கால் தேய்ந்து ஓய்வுபெற்ற மூதாட்டிக்கும் ஏற்ற பாதை அமையும். பின்னது அமைந்தால் முன்னது தானே அமைந்துவிடும். முன்னது அமைந்தால் பின்னது அமையும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை.

யார் இதனைச் செய்வது என்பதிலும் பழைய சிக்கல் ஒன்றுண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையிருந்தது. வாக்களித்த மக்களின் வாசல்வரை வரும் வீதியைச் செப்பனிடச் சபைக்கு அதிகாரமில்லை. தோட்ட நிருவாகத்துக்கோ கொழுந்து ஏற்றும் வீதியே முதன்மை. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே இன்று பாதை வேண்டுமெனக் கேட்பது இரந்து கேட்பதன்று.

இது உல்லாசத்தைப் பற்றிய வினா மட்டுமன்று என்பதை 2014 ஒக்டோபர் 29 உணர்த்தியது. அன்று காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொணர்ந்த பெருமழை பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல உயிர்களைக் கொண்டது. தூர்ந்த கானும் வெடித்த வரம்பும் சாய்ந்த தடுப்புச்சுவரும் முதலில் புலப்படுவது பாதையில் நடப்பவர்க்கே. ஒழுங்காக நடக்கப்படும் பாதை ஒழுங்காகக் கவனிக்கப்படும் மலையுமாகும். அபாய வேளையில் அதுவே தப்பிச் செல்லும் வழி.

நாளெல்லாம் மலையில் நின்றவர்க்கு மாலையில் உலா எதற்கு என்று வினவுவோர் உளர். வினாவில் பொருளில்லாமல் இல்லை. ஆனால் வேலைக்காக நடப்பதும் விரும்பி நடப்பதும் ஒன்றல்ல. கூடையும் படங்கும் இன்றி, கணக்கப்பிள்ளையின் பார்வை இன்றி, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தான் வளர்த்த செடிகளினூடே ஒருமுறை சுற்றிவருவது, அந்த மூதாட்டி அந்த மலையைத் தனதென்று உணரும் முதல் வேளையாகவும் இருக்கலாம். தலைமுறைகளாக உழைத்தும் ஒரு துண்டு நிலத்துக்கு உரிமை பெறாதோர் இன்னும் பலராயுள்ள சமூகத்தில், இது சிறிய விடயமன்று.

ஊவாக்கட்டவளையில் பிறந்த எழுத்தாளரொருவர் தாம் ஆசிரியப் பணி செய்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார்; 2022 இல் அவர் மறைந்த பின்னரும் அத்தோட்டத்தின் பெயர் இலக்கியத்தில் நிலைபெற்றுள்ளது. பெயரிட்டழைப்பது உரிமை கொள்வதன் தொடக்கம். கம்பெனியின் வரைபடத்தில் எண்களாக உள்ள மலைகளுக்கு மக்கள் வழக்கில் பெயர்கள் உண்டு. திருப்பங்களுக்கும் ஓடைகளுக்கும் மாடன் கோயில் மரங்களுக்கும் கதைகள் உண்டு. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, பெரியோரோடு ஒரு சுற்று நடந்து அப்பெயர்களைக் குறித்துவைப்பாராயின், எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத வரைபடம் ஒன்று உருவாகும். எந்த ஏற்றத்தில் முதியோர் நிற்கின்றனர், எந்தக் கானைச் சிறுவர் தாண்டிக் குதிக்கின்றனர் என்பதையும் அதில் குறிக்கலாம். பிரதேச சபையின் முன் வைக்கத்தக்க முதல் ஆவணம் அதுவேயாகும்.