பதினோரு கிலோமீட்டர் சுற்றியவன்

சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகத்தில் ஒருவன் வருகிறான். வடக்கு நோக்கி 4 கி.மீ. நடக்கிறான். வலப்புறம் திரும்பி 3 கி.மீ. மறுபடி வலப்புறம் திரும்பி 4 கி.மீ. புறப்பட்ட இடத்துக்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்? கிழக்கே, 3 கி.மீ. என்று விடையைச் சொல்லிவிட்டுப் பேத்தி கேட்டாள்: “அப்ப நேரா கெழக்க 3 கிலோமீட்டர் போயிருக்கலாம்லா தாத்தா? எதுக்கு 11 கிலோமீட்டர் சுத்துனான்?”

அன்றிலிருந்து எனக்கும் அவன்மேல் ஒரு கண். அவன் வழியில் கிணறு இல்லை, முள்வேலி இல்லை, உடைமரம் இல்லை. எதிரே வந்து “எங்க, தூரமா?” என்று கேட்க ஓர் ஆள் இல்லை. எங்கள் மேலநீலிதநல்லூரில் 4 கி.மீ. வடக்கே நடந்து பார்க்கட்டும், இரண்டு டீயாவது குடிக்காமல் தப்ப முடியாது.

ஆறாம் வகுப்புக்கான தேர்வில் 125 கேள்விகள், 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். தமிழிலேயே எழுதலாம். அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962இல் தொடங்கியது. சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகளைச் சேர்த்தது 2021-22இல்தான்.

கணக்கு பேத்திக்கு வரும். பொது அறிவை நெட்டுருப் போட்டுவிடலாம். நுண்ணறிவுப் பகுதியில், அதிலும் திசைக் கேள்விகளில்தான் இழுபறி. விடை தப்புவதில்லை, நேரம் போகிறது. கேள்விக்கு ஒரு நிமிடம் 12 நொடிதான் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது சங்கதி விளங்கியது. எங்கள் திண்ணை கிழக்குப் பார்த்தது. புத்தகப் படத்தில் வடக்கு என்ற அம்பு தாளின் மேல்விளிம்பைக் காட்டுகிறது. இவள் புத்தகத்தை இடப்பக்கம் சுழற்றி, அம்பை நிஜமான வடக்குக்கு நேராக வைத்துவிட்டு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வாசிக்கிறாள். “தாள்ல வடக்கு மேலதாம்மா இருக்கும்” என்றேன். “மேல வானம்லா தாத்தா இருக்கு” என்றாள்.

இது என் ஆச்சியிடமிருந்து வந்த சொத்து. ஆச்சி வாயில் இடது, வலது என்று நான் கேட்டதே கிடையாது. உப்பு அடுப்புக்குத் தெக்க. தீப்பெட்டி விளக்குக்கு மேக்க. பந்தியில் உட்கார்ந்தவனையும் “கொஞ்சம் கெழக்க தள்ளி உக்காருடே” என்பாள். உச்சகட்டம் முதுகு சொறிவதுதான். மத்தியானம் குப்புறப் படுத்துக்கொண்டு, “வடக்க... இன்னும் வடக்க... ஆங், இப்ப மேக்க” என்று உத்தரவு வரும். தலைமாடு கிழக்கே என்றால் மேக்க என்பது இடுப்புப் பக்கம். மறுநாள் தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தால் அதே மேக்க வலது விலாவுக்குப் போய்விடும். வடக்கே தலைவைக்கும் பேச்சே இல்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் சுமை குறைவு. நுண்ணறிவுப் பாடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான். தப்பான இடத்தில் சொறிந்தால் மதிப்பெண் குறையாது, வசவு விழும்.

ஆஸ்திரேலியாவின் கூகு யிமித்திர் மக்கள் இப்படித்தான், காலருகே எறும்பு இருந்தாலும் திசை சொல்லித்தான் காட்டுவார்களாம். ‘கங்காரு’ என்ற சொல்லை 1770இல் கேப்டன் குக்குக்குக் கொடுத்தவர்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழர்களையே ஆராய்ந்து எழுதினார்: நகரவாசிகள் இடம் வலம் சொல்கிறார்கள், கிராமத்தார் திசை சொல்கிறார்கள். இத்தகைய ஆய்வில் வழக்கமாக ஒரு சோதனை உண்டு. மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை அப்படியே திருப்பி, பின்னாலிருக்கும் மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்வது. சிலர் அடுக்கும் வரிசை பழையபடி தங்கள் இடது கையைப் பார்க்கும். சிலருடையது பழையபடி வடக்கைப் பார்க்கும். இரண்டுமே சரி. எங்கள் ஆச்சியைக் கூப்பிட்டிருந்தால் பொம்மையை ஏன் இடம் மாற்றினாய் என்று கேட்டிருப்பாள்.

தேர்வுத்தாள் என்னவோ நகரத்துப் பிள்ளையின் வடக்கைத்தான் கேட்கிறது, தாளோடு கூடவே திரும்புகிற வடக்கை. எனக்கு இதில் மனத்தாங்கல்தான். ஆனி ஆடியில் காற்றாலைகள் எல்லாம் மேல்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிற ஊர் இது. வானம் தெளிந்தால் மேற்கே மலை தெரியும். இங்கே வளர்ந்த பிள்ளையை, ‘இரண்டரை மணி நேரத்துக்கு இதையெல்லாம் மறந்துவிடு’ என்று பழக்குவது என் வேலையாகிவிட்டது. வெள்ளைத்தாளில் ஒரு கூட்டல் குறி போட்டு உச்சியில் ‘வ’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் அதற்குப் ‘புத்தக வடக்கு’ என்று பேர் வைத்துக்கொண்டாள். மற்றது ‘நம்ம வடக்கு’.

“ஹால்ல நம்ம வடக்கு எதுன்னு சார்ட்ட கேக்கலாமா?”

“கேக்கக் கூடாது.”

எதிரெதிரே உட்கார்ந்தவர்களில் யாருக்கு எது வலப்பக்கம் என்ற கேள்விக்குச் சங்கரன்கோவிலில் வழி கிடைத்தது. சங்கரநாராயணருக்கு வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சன்னதியில் நின்று, “சிவன் எந்தப் பக்கம்?” என்றேன். “நமக்கா, சாமிக்கா?” என்று திருப்பிக் கேட்டாள். அதற்கப்புறம் அந்த வகைக் கேள்வியை நான் சொல்லித்தரவே இல்லை.

இப்போது கண்ணாடியில் தெரியும் கடிகாரத்துக்கு வந்திருக்கிறோம். கண்ணாடியில் 4.20 என்றால் உண்மையில் மணி 7.40. கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகாமல் இது என்ன கூத்து என்கிறாள். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது: சலூன். கழுத்தில் துணியைக் கட்டி, பிடரியில் கத்தி வைத்திருக்கும்போது பின்சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்க எவனால் முடியும்? கேள்வி தயாரித்தவர் முடிவெட்டப் போன இடத்தில் யோசித்திருக்க வேண்டும். அந்த 11 கி.மீ. ஆளையும் அங்கே காத்திருக்கும் பெஞ்சில்தான் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.